மனுப் பார்க்கப் போன நாட்கள்

என் கணவர் ஒன்பது வருஷம் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, காட்டுக்குள் தள்ளி இருந்த ஆலை அது. எங்கள் வீடு ராஜபாளையத்தில். நான் அங்கே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்த பெண் அங்கேயே இறந்துபோனார். காயம்பட்ட இருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே வந்த என் கணவரைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போனது. ஆலையில் விபத்து என்றால் முதலில் ஃபோர்மேனைத்தான் பிடிப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் போன் செய்தார். "உங்க வீட்டுக்காரருக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வாங்கம்மா."

"எத்தன நாளைக்கு சார்?"

"மூணு செட்டு கொண்டு வாங்க."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பதினைந்து நாள் ரிமாண்ட் என்றார்கள். ஜெயில் வாசலில் லுங்கிகளையும் சட்டைகளையும் உதறிப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சர்க்கரை மாத்திரையை வாங்கவில்லை. டாக்டர் சீட்டு வேண்டுமாம். அவருக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. நான் அழுதுகொண்டு நிற்கவில்லை. ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி, பீரோவில் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திரை உள்ளே போனது. இதைச் செய்ய முடிகிறதென்றால் மற்றதையும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

உள்ளே இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கு ஜெயில் வாசலில் "மனு" என்று பெயர். ஆதார் ஒரிஜினல் வேண்டும், நகலும் வேண்டும். என்ன உறவு என்று எழுத வேண்டும். குறிப்பிட்ட நாட்களில்தான் விடுவார்கள். வீட்டுச் சாப்பாடு கூடாது. முதல் தடவை நான் நகல் இல்லாமல் போய், வரிசையில் என் இடத்தை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையைத் தேடி ஓடினேன்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். இரண்டு பக்கமும் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனால்தான் காது கேட்கும்.

"மாத்திரை தாராங்களா?" என்றேன்.

"தாராங்க. நீ அந்தம்மா வீட்டுக்குப் போனியா?"

இறந்துபோன பெண்ணைச் சொன்னார். கான்சாபுரத்துக்காரர். ஆறு வருஷம் என் கணவரிடம் வேலை பார்த்தவர். ஜாமீன் எப்போது, பிள்ளை எப்படி இருக்கிறாள், எதுவும் கேட்கவில்லை. இதைத்தான் முதலில் கேட்டார்.

"இன்னும் போகல. வக்கீல்ட்ட கேட்டுட்டுப் போறேன்."

"கேளு. அஞ்சு நிமிஷம் முந்தி நான் அந்த ரூமுக்குப் போயிருக்கணும்."

நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

எங்கள் வக்கீல் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பெண். வயதில் என்னைவிடச் சின்னவர். போனதும் வக்காலத்தில் என் கணவருடைய கையெழுத்து வேண்டும், ஜெயில் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும், அதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் துக்க வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"இப்பப் போகாதீங்கக்கா. அந்த வீட்டு ஆளுங்க கேஸ்ல சாட்சி. சாட்சியக் கலைக்கப் போனாங்கன்னு சொல்லி ஜாமீனுக்குத் தடை கேப்பாங்க."

"துக்கம் கேக்கப் போறதுகூடவா மேடம்?"

"நீங்க எதுக்குப் போனீங்கன்னு எழுத மாட்டாங்க. போனீங்கன்னு மட்டும் எழுதுவாங்க."

அடுத்த மனுவில் அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வீட்டில் வேறு மாதிரிச் சிக்கல்கள். அவருடைய போனைப் போலீஸ் எடுத்து வைத்திருந்தது. கேஸ் சிலிண்டர் பதிவதற்கான நம்பர் அது. பள்ளிக்கூடத்துச் செய்திகள் வருவதும் அதில்தான். எதைத் தொட்டாலும் ஓடிபி அந்த போனுக்குப் போனது. சிலிண்டர் ஏஜென்சியில் இருந்தவர், "அவரையே வரச் சொல்லுங்க" என்றார்.

"அவர் ஜெயில்ல இருக்காரு. வர முடியாது. வேற என்ன வழி இருக்கு, சொல்லுங்க" என்றேன். கவுண்டரில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. அவர் எழுந்து உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒரு கடிதம் எழுதி, என் கணவரிடம் கையெழுத்து வாங்கி, ஜெயில் முத்திரையோடு கொடுத்தால் போதும் என்றார்கள். வக்கீல் மூலமாக ஒரு வாரத்தில் அது நடந்தது. ஜெயில் என்ற சொல்லை நான் முழுங்கிக்கொண்டே பேசியிருந்தால் அந்த வேலை இன்னும் இழுத்திருக்கும்.

மகளிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"ஸ்கூல்ல கேட்டா என்னம்மா சொல்லட்டும்?"

"ஜெயில்ல இருக்காரு, கேஸ் நடக்குன்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. பொய் சொன்னா அத ஞாபகம் வச்சிக்கிட்டே இருக்கணும்."

"அப்பா தப்பு செஞ்சாரா?"

"அத கோர்ட்டு சொல்லும். அவரு அந்தம்மாவ நெனச்சு நெனச்சு அங்க ஒறங்காம கெடக்காரு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

பிள்ளையை அங்கே கூட்டி வராதே என்று அவர் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை என்னோடு வந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவள் செத்த நேரம் பார்த்துவிட்டு, "கண்ணாடி இல்லாம எப்படிப்பா பேப்பர் படிக்கீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றவே இல்லை. படிக்கிற கண்ணாடி வீட்டில் டிவி மேலேயே கிடந்தது. அவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "பக்கத்துல ஒருத்தர் படிச்சுச் சொல்லுதாரு" என்றார். கண்ணாடியை அடுத்த மனுவுக்குக் கொண்டுபோனோம்.

ரிமாண்டை ஒரு தடவை நீட்டிய பிறகு, இருபத்தாறாம் நாள் ஜாமீன் கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், வீட்டு வரி ரசீதோடு. ஒருவர் என் அண்ணன். இன்னொருவருக்காக நாலு வீடு ஏறி இறங்கினேன். மூன்று வீடுகளில் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒன்றும் கேட்காமல் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கோர்ட்டுக்கு வந்தார்.

தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. என் கணவர் வெளியே வந்த இரண்டாம் நாள் நான் வக்கீலைப் பார்த்தேன்.

"அவரு போகக் கூடாது. நீங்க போறதுன்னா தனியாப் போங்க. கேஸப் பத்தி ஒரு வார்த்த பேசாதீங்க" என்றார்.

கான்சாபுரத்துக்குத் தனியாகத்தான் போனேன். அந்தப் பெண்ணின் கணவர் கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னேன். அவர் நகரவில்லை. பிறகு வழிவிட்டு, "உக்காருங்க" என்றார். சுவரில் அந்தப் பெண்ணின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவராகத்தான் பேசினார். அவர் மனைவி அந்த ஆலையில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டு மூன்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"எஃப்.ஐ.ஆர். நகல்ல அவிய பேரும் ஆலை பேரும் இருக்கும். ஸ்டேஷன்ல கேட்டா உங்களுக்கும் தருவாங்க. அத வச்சுக் கேளுங்க" என்றேன்.

எந்த ஸ்டேஷன், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்தபோது வாசல் வரை வந்தார்.

"இனிமே வராதீங்கம்மா. கோவம் இல்ல. எங்க ஆளுங்க பேசுவாங்க."

"சரிங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்து சாப்பிட்டார்.

கேஸ் இன்னும் முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாய்தா வருகிறது. அவர் இப்போது ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர் பார்க்கிறார். பட்டாசு வேலைக்குத் திரும்பப் போகவில்லை. வாய்தா அன்று நானும் லீவு போட்டுவிட்டு அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுகிறேன். தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. எப்படி வந்தாலும் மறுநாள் காலையில் எங்கே போய் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.