பிள்ளை வெளிக்கிட்டாள்

பலூன் ஊதுவதற்குக்கூட எனக்குப் பயம். முகத்துக்கு நேரே வெடித்துவிடுமோ என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் ஊதுவேன். மகளின் ஐந்தாவது பிறந்தநாளன்று காலையில் அப்படி மூடிக்கொண்டே ஒரு பாக்கெட் பலூனையும் ஊதி முடித்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “கண்ணத் தொறந்து ஊதும்மா, அது கடிக்காது” என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

நான் முதுகுளத்தூருக்கு மேற்கே ஒரு கரிசல் ஊர்க்காரி. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான், அதுவும் பாதி வருஷம் இருக்காது. கல்யாணமாகி மண்டபத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகியும் கடலில் கணுக்காலுக்கு மேல் நான் நனைந்ததில்லை. கணவர் ஐஸ் வண்டி ஓட்டுகிறார். வாடகைக்குக் கிடைத்த வீடு வடகடலை ஒட்டி அமைந்துவிட்டது. ஆனி மாதத்தில் தென்கடல் எழும்பி அடிக்கும், வடகடல் சத்தமே இல்லாமல் கிடக்கும். சத்தம் போடாத கடல்தான் எனக்கு இன்னும் பயம். வருகிறதா போகிறதா என்று தெரியாது.

பிறந்தநாள் கொண்டாட்டம் எங்கள் இரண்டு குடும்பங்களிலும் இல்லாத வழக்கம். வண்டி முதலாளியின் பேரனுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் விழா வைத்தார்கள். அங்கே மூன்றடுக்குக் கேக்கைப் பார்த்த நாளிலிருந்து மகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். சரி, கையைக் கடிக்காமல் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். என் பழைய பச்சைப் புடவையைச் சுவரில் திரையாகக் கட்டினேன். பட்டாணிச் சுண்டல், எலுமிச்சைச் சாறு. கேக்குக்கு மாவும் முட்டையும் தேடவில்லை. பிஸ்கட்டை மிக்ஸியில் பொடித்து, பாலும் சோடா உப்பும் சேர்த்து, குக்கருக்குள் கல்லுப்பைப் பரப்பி அதன்மேல் கிண்ணத்தை வைத்து வேகவிடுவது. போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. குக்கர் வெடித்துவிடுமோ என்பது தனிப் பயம்.

புதுக் கவுன் தைத்துத் தந்தவள் பின்வீட்டுத் தையல்காரி. சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள். எங்கள் தெருவுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என்னிடம் எங்கள் பேச்சையே பேசுவாள். வேலை மும்முரத்தில் மட்டும் அவள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். என் கல்யாணத்து ரோஸ் புடவையில் முந்தானையை வெட்டிக் கவுன் ஆக்கியிருந்தாள். அன்று மதியம் கடைசி அளவு பார்க்க வந்தவள், நான் பிஸ்கட் பொடிப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“பிஸ்கட்லயா கேக்?”

“ஏன், பிஸ்கட்டுன்னா கேவலமா?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“இல்லக்கா” என்று சொல்லிவிட்டு, அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குளித்துவிட்டால் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். உடுப்பை அங்கேயே போட்டு, தொங்கும் நூலை வெட்டிக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு மகளை அனுப்பினேன். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். வாடைப் பக்கம், கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போகும் காற்று. வாசலில் கட்டியிருந்த பலூன்களில் இரண்டை அது அறுத்துக்கொண்டு போயிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது, மகளைக் காணோம். பின்வாசலுக்குப் போய் மதிலுக்கு மேலே குரல் கொடுத்தேன்.

“ஏ தங்கச்சி, பாப்பா அங்கனதான இருக்கா?”

தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே, காற்றில் பாதி பிய்ந்து, சந்தோஷமாகப் பதில் வந்தது.

“ஓம் அக்கா! பிள்ளை தானே வெளிக்கி...”

மீதியைக் காற்று தின்றுவிட்டது. எனக்கு மீதி தேவைப்படவும் இல்லை. எங்கள் ஊரில் வெளிக்கி என்றால் ஒன்றே ஒன்றுதான், செம்போடு ஒதுக்குப்புறம் போவது. வீட்டில் கக்கூஸ் இருந்தும், தெருப் பிள்ளைகளோடு கடற்கரைக் கருவேலங்காட்டுக்குப் போவதில் என் மகளுக்கு ஒரு குஷி. அந்த மாதம் இரண்டு தடவை பிடித்து முதுகில் அடி வைத்திருக்கிறேன். இன்று தெருப் பிள்ளைகள் எல்லாம் என் வீட்டுப் பாயில் இருக்கிறார்கள். அப்படியென்றால் அவள் தனியாகப் போயிருக்கிறாள்.

அடுப்பில் குக்கர் இருந்ததை மறந்தேன். செருப்பையும் மறந்தேன். மதிலை ஒட்டிய சந்து வழியாக ஓடிக் கருவேலங்காட்டுக்குள் பெயர் சொல்லிக் கத்தினேன். முள் குத்தியது. ஒரு ஆடு எழுந்து போனது, அவ்வளவுதான். ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்தேன். பாம்பு என்று நினைத்தேன். காலி போத்தல்களைப் பார்த்ததும் பாம்பைவிடக் கெட்டதையெல்லாம் நினைத்தேன். கடைசிப் புதரைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. அதன்மேல் ஒரு மஞ்சள் பலூன் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அது என் மூச்சு. காலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஊதியது. பலூன் பறந்தால் பின்னாலேயே ஓடுவாள் என் மகள். கரையிலிருந்து நூறு அடி தள்ளி அது நிதானமாக நகர்ந்தது. அதற்கும் எனக்கும் நடுவே தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. ஒரு பிள்ளை உள்ளே போயிருந்தால் இப்படித்தான் கிடக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால், தொடை, இடுப்பு. காலில் பாசி சுற்றும்போதெல்லாம் தலைமுடி என்று நினைத்துக் குனிந்து அள்ளினேன். கை நிறையப் பாசி வந்தது. பிறந்தநாள் கொண்டாடாத குடும்பத்தில் கொண்டாடினாயே, கண்பட்டுப்போச்சே என்று என்னை நானே திட்டினேன். கவுன் ரோஸ் நிறம், ரோஸ் நிறம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் தேடினேன்.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து கத்தினார். “ஏ தாயீ! எங்க போற? அங்கிட்டுப் பள்ளம் கெடக்கு, ஏறி வா!”

“எம்புள்ள! எம்புள்ளயக் காணோம்!”

“இந்தப் பக்கம் ஒரு புள்ளையும் வரலயே!” என்றார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவர் இறங்கியதைப் பார்த்ததும் நான் இன்னும் ஓரடி உள்ளே போனேன். கடல் தெரிந்த மனிதர் காரணமில்லாமல் இறங்குவாரா?

அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. “அக்கா! அக்கா! பிள்ளை வீட்டை நிக்குது!”

என் கத்தல் கேட்டுத் தையல்காரி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. பெரியவர் என் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தார். பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்.

“தனியா வெளிக்கிப் போயிட்டான்னு சிரிச்சுக்கிட்டா சொல்ற? அஞ்சு வயசுப் புள்ள! ஒங்க ஊர்ல புள்ளைகள இப்பிடித்தான் விடுவீகளா?”

அவள் முகம் சுண்டிப்போனது. “வெளிக்கியோ? நான் பிள்ளை தானே வெளிக்கிட்டிட்டாள் எண்டெல்லோ சொன்னனான். தானே உடுப்புப் போட்டு ரெடியாகிட்டாள் எண்டு...”

பெரியவர்தான் சிரித்தார். “அட கிறுக்குப் புள்ள! அவுக பேச்சுல கெளம்புறதுக்கு அதாம்மா பேரு. இதுக்கா என்னய நனைய வச்ச?”

வீட்டுக்கு வந்தால், ரோஸ் கவுனில் என் மகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். “அம்மா எங்க போன? கேக்கு பொகையுது!” அவளைச் சேர்த்துப் பிடித்ததில் கவுனின் முன்பக்கம் முழுக்க உப்புத் தண்ணீர். கேக்கின் அடி கருகிப் போயிருந்தது. சுரண்டி எடுத்து மேலே கலர் மிட்டாய் ஒட்டினேன். மெழுகுவத்தியைக் காற்று நான்கு முறை அணைத்தது. பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. பாடினார்கள், தின்றார்கள், பலூன்களை உடைத்தார்கள். ஒவ்வொன்று வெடிக்கும்போதும் நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். இருக்கிறாள். மறுபடி பார்த்தேன். இருக்கிறாள்.

தையல்காரி மட்டும் வரவில்லை.

பிள்ளைகள் கலைந்ததும் ஒரு துண்டு கேக்கோடு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நடக்கத் தெரிந்த பிள்ளைதான், இறக்கிவிட மனம் வரவில்லை. “தப்பாப் பேசிட்டேன் தங்கச்சி. பயத்துல வாய் எங்கயோ போயிருச்சு” என்றேன்.

அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கடை ஊரிலை பிள்ளையளை எப்பிடி விடுவினம் எண்டு கேட்டியள். எனக்கு அப்ப ஆறு வயசு அக்கா. ஒருநாள் அம்மா, வெளிக்கிடு பிள்ளை எண்டா. இருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டுவிட்டவ. எனக்குப் பிறந்தநாள் எண்டு நினைச்சன். போட்டிலை ஏறின பிறகும், கேக் எப்ப வெட்டுறது எண்டு கேட்டுக்கொண்டே வந்தனான். அம்மா என்ரை கையை விடேல்லை. கரைக்குப் போய் வெட்டுவம் எண்டு மட்டும் சொன்னவ.”

நான் மகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

“கரையிலை இறங்கின உடனை ஆரோ ஒருத்தர் பிஸ்கட் தந்தவர். அம்மா அதை ரெண்டா உடைச்சு என்ரை வாயிலை வைச்சு, இதுதான் கேக் எண்டா.”

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த கேக்கை விண்டு வாயில் போட்டாள். “நல்லா இருக்குக்கா” என்றாள், எங்கள் பேச்சில்.

என் பயம் அன்று கால் மணி நேரம்தான் இருந்தது. அதற்கே புடவை ஈரம் காய்ந்த பிறகும் பல் கிட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கடலாக இருக்கும்போது, மடியிலிருக்கும் பிள்ளை கேக் எப்போது வெட்டுவது என்று கேட்டால் ஒரு அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முழுதாக நினைக்க முடியவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

“ஒனக்கு எப்பப் பொறந்தநாள்?” என்று கேட்டேன்.

“ஆவணியிலை.”

மகள் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி அவளருகே போய் நின்றாள். “சித்திக்கும் கேக்கு செய்யணும். அம்மா, நீ பலூன் ஊது” என்றாள்.

ஊதுகிறேன் என்றேன்.