பந்தலுக்குள் வந்த பூட்ஸ்

வெள்ளைக்காரத் துரை டாக்டர் முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் வரைந்தது ஒரு நாற்காலி. காலிழந்தவனுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டிய முதல் வித்தை இதிலிருந்து எழுந்து நிற்பதுதான் என்றார். நாங்களும் பயபக்தியோடு நாற்காலியை வரைந்துகொண்டோம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் நாற்காலி என்ற வஸ்துவே கிடையாது. எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. கிராம முன்சீப் வந்தால் போடுவதற்காக அதைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தார் அப்பா. அதில் நாங்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. இது எதுவும் அன்றைக்கு என் புத்தியில் உறைக்கவில்லை.

இப்போது அந்தப் படிப்புக்கு மறுவாழ்வு என்று அழகான பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் துறை வைத்துப் பட்டம் தருகிறார்கள். உலகப் போர் நடந்த அந்த வருஷங்களில் அதற்குத் தமிழில் பெயரே இல்லை. இண்டர்மீடியட் முடித்துவிட்டு மேலே என்ன செய்வது என்று சென்னையில் அலைந்துகொண்டிருந்தவனை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றை ஒட்டி நடந்த வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கை கால் போன சிப்பாய்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது, மரக்கால் மாட்டுவது, அதை வைத்து நடக்கப் பழக்குவது, இவைதான் பாடம். நல்லம்பள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊரில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அப்பா, "பையன் கால் படிப்புப் படிக்கிறானுங்க" என்று சொல்லி வைத்தார். "அப்ப மீதி முக்கால எப்பங்க படிப்பான்?" என்று கேட்டு ஊர் சிரித்தது. லீவில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான்.

அந்த வகுப்புக்கு ஒரு நாள் பயிற்சிக்காகக் கொண்டுவந்த சிப்பாய்களில் என் மாமாவும் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. எருது விடும் திருவிழாவில் மாட்டுக்கு முன்னால் ஓடிப் பேர் வாங்கியவர். பட்டாளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். பர்மா எல்லையில் ரோடு போட்டுக்கொண்டிருந்தபோது வெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வெள்ளைச் சட்டையில் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த முதல் உணர்ச்சி கேலி. "மாப்ளே, உன்னோட கால் படிப்புக்கு நானே கால் குடுத்துட்டேன் பாத்தியா" என்றார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். வகுப்பில் அழக்கூடாது என்பது விதி.

அவருக்குக் கொடுத்த கால் நல்ல வேலைப்பாடு உள்ளது. லேசான மரம், தொடையைச் சுற்றி இழுத்துக் கட்டத் தோல் பட்டை, அடியில் மரப்பாதம், அதன்மேல் ராணுவ பூட்ஸ். பூட்ஸின் குதி உயரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் காலையே செய்திருந்தார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் காலில் நின்றால் ஆள் பின்பக்கம் சாய்ந்துவிடுவார். மாமா சீக்கிரமே பழகிக்கொண்டார். நாற்காலியிலிருந்து எழுந்தார், மாடிப்படி ஏறினார், டிராமில் ஏறி இறங்கினார். "சம்மணம் போடறது எப்படின்னு உங்க தொரையக் கேளு மாப்ளே" என்று ஒருநாள் என்னைத் தூண்டிவிட்டார். நானும் இங்கிலீஷில் கேட்டேன். அது பாடத்தில் இல்லை என்று பதில் வந்தது.

ஊருக்கு நானே கூட்டிப்போனேன். சேலத்தில் ராணுவ ஆபீசில் அவர் ஆஜராக வேண்டியிருந்ததால் அங்கே இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு பஸ் பிடித்தோம். பெட்ரோல் கிடைக்காத காலம். முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிய பஸ் அது. தொப்பூர் மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. எல்லோரும் இறங்கி நடங்கள் என்றார் கண்டக்டர். நான் மாமாவை உட்காரச் சொல்லும் முன்பே அவர் இறங்கிவிட்டார். மேடு முழுவதும் கூட்டத்தோடு கூட்டமாக, வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு நடந்தார். கூட வந்த ஒரு கிழவி அவர் காலைப் பார்த்துவிட்டு, "புது பூட்சா சாமி? கடிக்குதா?" என்று கேட்டாள். "ஆமாங்க ஆயா, கொஞ்சம் கடிக்குது" என்றார் மாமா. பஸ்ஸில் திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் அதிகம் பார்த்ததில்லை.

சந்தோஷம் எங்கள் வீட்டு வாசல்வரைதான் வந்தது. வாசலில் நின்று, பழக்கதோஷத்தில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மாப்ளே, உங்க தொரை வூட்டுக்கெல்லாம் வாசப்படியே கிடையாதா?" என்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிற ஜனங்களுக்கு, கழற்ற முடியாத பூட்ஸோடு ஒரு காலைச் செய்து கொடுத்திருக்கிறோம். வகுப்பில் ஒருவருக்குமே இது தோன்றவில்லை, நாங்கள் அத்தனை பேரும் அந்த ஜனங்கள்தான் என்றபோதும். அன்று அவர் காலையே கழற்றி வாசலில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, கையை ஊன்றி உள்ளே நகர்ந்து போனார். அக்கா வீட்டில் அதற்கு அவர் வெட்கப்படவில்லை.

வெட்கம் கல்யாணத்தில் இருந்தது. என் தங்கையை மாரண்டஹள்ளிப் பக்கம் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. எங்களில் தாய்மாமன்தான் சீரோடு வந்து, பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். மாமா அதை நினைத்துத்தான் ஆஸ்பத்திரியில் அத்தனை பாடும் பட்டார். கக்கத்தில் கட்டையை ஊன்றினால் இரண்டு கையும் கட்டைக்கே போய்விடும். பெண்ணின் கையைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அதற்கு அந்தக் கால் வேண்டும். ஆனால் முகூர்த்தக்கால் நட்டு, விளக்கேற்றி, படி நிறைய நெல்லோடு நிறைநாழி வைத்த பந்தலுக்குள் தோல் பூட்ஸோடு எப்படி நுழைவது?

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கெட்டவர் அல்ல. எல்லைப் பக்கத்து மனிதர், பேச்சில் பாதி கன்னடம். வெற்றிலை போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். "பந்தல்ல செருப்பு பேடாங்க. கால வெளிய கழட்டி வெச்சுட்டு வரட்டும், நாங்க ரெண்டு பேரு தூக்கி உக்கார வெக்கறோம்."

"எந்தக் காலங்க?" என்றார் மாமா.

"தோலுங்களே அது. மங்கல காரியத்துல தோலு ஆகாதுங்க."

"அப்ப மேளக்காரங்க பஞ்சுலயா கொட்டப் போறாங்க?"

சிரிப்பு எழுந்தது, ஆனால் காரியம் நடக்கவில்லை. மேளம் வேறு, மிதிக்கிறது வேறு என்று பெரியவர் நிதானமாகப் பதில் சொன்னார். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவர் நடத்தி வைக்கட்டும் என்று அப்பா இழுத்தார். மாமா அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டார். "நான் உசுரோட இருக்கறப்ப எம்பொண்ணு கைய இன்னொருத்தரு புடிக்கறதா? நடந்து வரேன், இல்லீன்னா வரல. மெட்ராஸ்ல ஆஸ்பத்திரிலயே வாட்ச்மேன் வேல தரேங்கறாங்க. போனா இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டேன்" என்றார். சொன்னதைச் செய்கிறவர் அவர். பட்டாளத்துக்கே அப்படித்தான் போனார். நான் படித்ததையெல்லாம் திரட்டி, அது செருப்பு அல்ல, உடம்பின் ஓர் அங்கம் என்று பெரியவரிடம் பிரசங்கம் செய்தேன். "அங்கம்னா ராத்திரி கழட்டி மூலைல சாத்துவாங்களா தம்பி?" என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று காலையில் மாமா வந்துவிட்டார். தட்டுகளில் சீர், முன்னால் மேளம், நடுவில் அவர். வலது காலில் ஒன்றும் இல்லை, இடது காலில் பாலிஷ் போட்ட பூட்ஸ். பாதி மரியாதையாவது காட்டுவோம் என்று வலதைக் கழற்றியிருந்தார். அதனால் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நடை சிரமப்பட்டது. பந்தல் வாசலில் பெரியவர் கைகூப்பி நின்றார். வரவேற்கிறாரா மறிக்கிறாரா என்று சொல்ல முடியாத நிற்பு. மேளம் தானாகத் தணிந்தது. தங்கை உள்ளே தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

சீர் கொண்டுவரும் தாய்மாமனுக்கு வாசலில் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள், அவரே காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். அன்று சொம்பைக் கொண்டுவந்தவள் அம்மா. மஞ்சள் கலந்த தண்ணீர். அதை அவர் கையில் கொடுக்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மூத்தவள் இளையவன் காலைத் தொடுவது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. "ஐயோ, என்னக்கா இது" என்று மாமா பின்வாங்கப் பார்த்தார், ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு சுலபமாகப் பின்வாங்க முடியாது. அம்மா வலது காலில் தண்ணீர் விட்டு விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். பிறகு இடது காலுக்கு வந்தாள். பூட்ஸின் மேல் நிதானமாகத் தண்ணீர் விட்டு, முனையைத் தேய்த்து, குதியைத் தேய்த்து, வலது காலுக்குச் செய்ததை ஒன்றுவிடாமல் அதற்கும் செய்தாள்.

தண்ணீர் படவே கூடாது, மரம் ஊறிவிடும், என்று நான் பதறிக்கொண்டு முன்னால் போனேன். மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அம்மா இரண்டு காலுக்கும் குங்குமம் வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி பெரியவரைப் பார்த்தாள்.

"எந்தம்பி கால நான் கழுவிட்டேனுங்க. யாராச்சும் செருப்பக் கழுவிக் குங்குமம் வெப்பாங்களா?"

பெரியவர் அந்தக் குங்குமத்தைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வழிவிட்டார். "வாங்க மாமன்" என்றார். மாமா ஈர பூட்ஸோடு பந்தலுக்குள் போய்ப் பட்டம் கட்டி, என் தங்கையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். மண்ணில் ஒரு பாதமும் ஒரு பூட்ஸும் மாறி மாறிப் பதிந்தன.

மரம் உப்பி வெடித்துவிட்டது. நான் பயந்தபடியே ஆயிற்று. மாமா மறுபடி கட்டையை ஊன்றிக்கொண்டு என்னோடு சென்னைக்கு வந்தார். துரை டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். எந்த முட்டாள் இதில் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா, "என்ன கேக்கறாரு, சொல்லு மாப்ளே" என்றார்.

"இவருடைய அக்கா கால் கழுவிவிட்டார், சார்" என்றேன் இங்கிலீஷில். மரக்காலை எதற்குக் கழுவ வேண்டும் என்று டாக்டர் கேட்டார். அதற்கு ஒரு பதில் சொல்ல நான் வெகுநேரம் முயன்றேன். படித்த இங்கிலீஷ் போதவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு கால் செய்யச் சொல்லி எழுதினார்.