அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் படியேறுவது குழாய்க்குள் ஏறுவது போல இருக்கும். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு திருப்பம், பகலிலும் இருட்டு. எங்களுக்கு முன் குடியிருந்த பெண் அந்தத் திருப்பத்தில் தவறி விழுந்துதான் செத்தாள் என்று, நாங்கள் சாமான் இறக்கிய அன்றே கீழ்வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"பாத்து ஏறுங்கக்கா. லைட்டு கெடையாது."

அம்மா ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். விடியும் முன்பே இறங்க வேண்டும். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கை சுவரில். அவள் செருப்புச் சத்தம் திருப்பத்தைத் தாண்டும்வரை எனக்குத் தூக்கம் வராது.

அப்போது நான் எஞ்சினியரிங் முதல் செமஸ்டர். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். படித்தது எதுவும் அதுவரை வீட்டுக்கு ஒரு வேலைக்கும் ஆனதில்லை. எலக்ட்ரிக்கல் லேபில் முதல் பயிற்சியே மாடிப்படி வயரிங். ஒரே விளக்கு, மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும். அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் படியில், பல்பைத் திருப்பத்தில் மாட்டி, அதைச் செய்தேன். லேபில் போலவே, வீட்டுக்கு வரும் இரண்டு வயரில் சிவப்பில்தான் கரண்ட் வரும் என்று நினைத்து அதைத்தான் சுவிட்சுக்குக் கொடுத்தேன்.

"மேல போட்டத கீழயே அணைக்கலாம் பாரேன்!" அம்மா ஏறி இறங்கி, இறங்கி ஏறி, தட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம்தான் பார்த்தோம். விளக்கு முழுதாக அணையவில்லை. நகத்துக்கு அடியில் தெரியும் வெளுப்பைப் போல ஒரு வெளிச்சம் எல்.இ.டி. பல்புக்குள் தங்கியிருந்தது. படி தெரியாது, சுவர் தெரியாது. அது மட்டும் தெரியும்.

"வெளிச்சமில்லாம செத்தவ. இப்ப கெடச்சதும் விட மாட்டேங்கறா," என்றார் ஆன்ட்டி.

அம்மா பயப்படவில்லை. அதனோடு பேச ஆரம்பித்தாள். காலையில், "போயிட்டு வரேம்மா." மாலையில், "வந்துட்டேம்மா." நான் மேலிருந்து கேட்டுச் சிரிப்பேன். அப்புறம் ஒருநாள் கவனித்தேன். சொல்லிவிட்டு உடனே அவள் ஏறுவதில்லை. எதிரில் இருப்பவள் பேசி முடிக்கும் அளவுக்கு நின்றுவிட்டுத்தான் ஏறுகிறாள். அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அம்மாவுக்கு லீவு. நான் காலேஜுக்குக் கிளம்பும்போது வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வெச்சிடறேன். உன் லைட்டுக்கும்தான். அவளும் இருக்காளே."

லேபில் அன்று பக்கத்து மேஜைப் பையனின் போர்டில், சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்தது. "டேய், பேய் பல்பு மச்சா!" என்று எல்லோரும் சிரித்தார்கள். சார் பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"கலர் பாத்து நம்பபேடா," என்றார் சார், கன்னடம் கலந்த தமிழில். "நம்பக் கூடாது, டெஸ்டர் வெச்சுப் பாக்கணும். வயர மாத்திக் கொடுத்திருக்கே. சுவிட்ச் ஆஃப், ஆனா ஹோல்டர்ல ஃபுல் கரண்ட். கை வெச்சா முடிஞ்சது."

அந்த நேரம் லேப் உதவியாளர் பூஜைக்காக மோட்டாரைத் துடைக்க வந்தார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஈரத்துணியைக் கையில் எடுத்தார். காலையில் அம்மா வாளியில் தண்ணீர் பிடித்தது ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு மெயின் என்றால் என்னவென்று தெரியாது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. நான் ஏறிய ஆட்டோ ரயில்வே பாலத்தடியில் நெரிசலில் மாட்டிக்கொண்டதும் இறங்கி ஓடினேன்.

திருப்பத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் அம்மா நின்றிருந்தாள். ஒரு கையில் கழற்றிய பல்பு, சந்தனப் பொட்டோடு. இன்னொரு கையில் விரலைச் சுற்றி ஈரத்துணி. ஹோல்டருக்குள் இருந்த தூசியைத் துடைக்க விரல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, தொடாத!"

"ஏன்டா கத்தற? சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு."

துணியிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. இடுப்பைப் பிடித்து அவளைக் கீழே இறக்கினேன். பையிலிருந்த டெஸ்டரை ஹோல்டரில் வைத்துக் காட்டினேன். எரிந்தது. அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெயினை இறக்கிவிட்டு வயர்களை மாற்றினேன். இந்த வீட்டில் யாரோ பழைய காலத்தில் கறுப்பில் கரண்டையும் சிவப்பில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் விட்டிருந்தார்கள். இப்போது அணைத்தால் விளக்கு முழுதாக அணைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

பூஜை லீவு முடிந்து அவள் வேலைக்குப் போய்த் திரும்பிய அன்று மாலை, மேல்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கீழே செருப்புச் சத்தம். சுவிட்சைத் தட்டவில்லை. இருட்டிலேயே ஏறினாள். திருப்பத்தில் நின்றாள்.

"வந்துட்டேம்மா."

பழக்கம், என்று நினைத்தேன். அவள் ஏறாமல் அங்கேயே நின்றாள். நானும் மூச்சுவிடாமல் இருந்தேன். பிறகு மெதுவாக ஏறி வந்தாள்.

"கேட்டுச்சாடா?"

"நீ பேசினதா? கேட்டுச்சும்மா."

"நான் பேசினது இல்லடா."

நான் எழுந்து சுவிட்சைப் போட்டேன். அந்த வீட்டை விடும்வரை இரவும் பகலும் அந்த விளக்கை நாங்கள் அணைக்கவே இல்லை.