மொட்டைமாடியில் விரித்த சேலை

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தனுஷ்கோடிக்குச் சோறு இறங்காது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில், ஆம்னி பஸ்ஸுக்கு டிக்கெட் போடுவது. 1992-இல் அவருக்கு ஒரு விமானக் கம்பெனியின் ஏஜென்சியும் சேர்ந்து கிடைத்தது. குறிஞ்சி ஏர்வேஸ் என்று பெயர். இருந்ததே இரண்டு பழைய விமானங்கள்தான். ஆனால் மதுரையிலிருந்து சென்னைக்கு மற்றவர்கள் வாங்குவதில் பாதிக் கட்டணம்.

முதலில் பறந்தவர் செட்டியார்பட்டி பேண்டேஜ் துணி வியாபாரி சௌந்தரபாண்டியன். திரும்பி வந்தவரை தனுஷ்கோடி விடவில்லை. மேலேயிருந்து நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததா என்று கேட்டார். சௌந்தரபாண்டியன் தலையைச் சொறிந்தார்.

“தெரியாம என்ன? தீக்குச்சிய நட்டு வச்ச மாதிரி நிக்கு. எங்க வீட்டு மாடியில காயப்போட்ட பச்சச் சேலகூடத் தெரிஞ்சிச்சு.”

அவ்வளவுதான். யார் வீட்டில் விமானம் ஏறினாலும் அன்றைக்கு அந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு சேலையை விரித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. சுற்றுப்பட்டு ஊர்களில் தேவதானம் வரைக்கும் இது பரவியது. சேலையை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லித்தான் தனுஷ்கோடி டிக்கெட்டையே கையில் கொடுப்பார். போய் வந்த எல்லோரும் பார்த்ததாகவே சொன்னார்கள். அவருக்குத்தான் ஏக்கம் பொறுக்கவில்லை.

ஏஜெண்டுக்கு வருஷம் ஒரு இலவச சீட் உண்டு. ஆனால் டிக்கெட் கேட்டு பார்ட்டி நிற்கும்போது ஏஜெண்ட் உட்காரக்கூடாது என்பது பஸ் தொழிலில் படிந்த பழக்கம். மூன்று வருஷமும் மதுரை விமான நிலையம் வரை போய், சாவுக்கு ஓடுகிறவர், இண்டர்வியூவுக்குத் தவிக்கிறவர் என்று யாருக்காவது சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். மனுஷன் அப்படி.

இதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. ஒரு விமானம் பழுதாகி நிற்க, அதன் பாகங்களைக் கழற்றி மாட்டித்தான் இன்னொன்றை ஓட்டினார்கள். ஆரம்பத்தில் இட்லி வடை கொடுத்தவர்கள் பிறகு பன் கொடுத்தார்கள், அப்புறம் மிட்டாய். கடைசியில் அதுவும் இல்லை. பாதி நாள் விமானமே கிளம்பாமல், ஜனங்கள் தனுஷ்கோடியின் சட்டையைப் பிடிக்காத குறை. 1995-இல், இந்த மாதத்தோடு மூடுகிறோம் என்று தகவல் வந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

“இந்தத் தடவ எவன் வந்து கெஞ்சினாலும் எந்திரிக்காதிய” என்றாள் மனைவி அழகுத்தாய்.

கெஞ்ச ஆளே இல்லை. பாதி சீட் காலியாகக் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தார். விமானம் மேலே ஏறித் திரும்பியது. வைகை மணல் தெரிந்தது, வயல்கள் தெரிந்தன. கோபுரத்தை மட்டும் காணோம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“அது தெற்கே இருக்கு சார். நாம வடக்கே போறோம். எந்த சீட்ல உக்காந்தாலும் தெரியாது.”

இருபது வருஷம் சென்னைக்கு பஸ் அனுப்பியவருக்கு வடக்கும் தெற்கும் தெரியாதா? தெரியும். ஆகாயத்துக்குப் போய்விட்டால் எல்லாமே தெரியும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். மூன்று வருஷம் வாய் கூசாமல் பொய் சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவமானமாக இருந்தது. சௌந்தரபாண்டியனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அழகுத்தாய் வாசலிலேயே நின்றாள். முகம் வெயிலில் கன்றிக் கறுத்திருந்தது. எவ்வளவு நேரம் மாடியில் நின்றாளோ.

“நேத்துக் காலையிலயே கல்யாணச் சேலைய விரிச்சிட்டேன். பாத்தியளா?”

தனுஷ்கோடி பையைக் கீழே வைத்தார். கன்றிப்போன அவள் முகத்தைப் பார்த்தார்.

“பாத்தேன். செவப்பா, நல்லாத் தெரிஞ்சிச்சு. பக்கத்துல நீ நின்னதும் தெரிஞ்சிச்சு.”