முதுகு காட்டி நின்ற மனிதர்கள்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கெசியாவின் வீடு. முன்னறை ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் எப்போது போனாலும் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொருவரும் சுண்டுவிரலில் பாதி உயரம்.

அடுக்குமாடி கட்டுகிறவர்கள், கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதைச் சின்னதாகச் செய்து மேஜைமேல் வைத்து, வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். அதன் வாசலிலும் மரத்தடியிலும் பால்கனியிலும் மனிதர்கள் நின்றால்தான் பார்க்கிறவர்களுக்கு அங்கே குடியேறும் ஆசை வரும். வெள்ளை பிளாஸ்டிக் மனிதர்கள் பாக்கெட்டில் கிடைக்கிறார்கள். ஆனால் எல்லாரும் கோட்டும் கவுனும் போட்டவர்கள். ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையைப் பிசைந்து அவர்களுக்குக் கொசுவம் வைத்து, முந்தானை போட்டு, வேட்டி கட்டி, வண்ணம் தீட்டி, தாம்பரத்துக்காரர்களாக மாற்றுவது கெசியாவின் வேலை.

இந்த வேலை அவருக்கு வந்தது ஒரு கிறிஸ்மஸ் குடிலால். சர்ச் குடிலில் மேய்ப்பர் பொம்மைகளின் முகத்தில் சாயம் உரிந்திருந்தது. கெசியா வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புதிதாகத் தீட்டிக் கொடுத்தார். குடில் பார்க்க வந்த மோகன்ராஜ் அந்த முகங்களை விட்டு நகரவில்லை. அவருடையது ராஜகீழ்ப்பாக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் ஃபிளாட்டான பிறகு, ஃபிளாட்டுக்கு மாதிரி செய்கிற பட்டறை போட்டிருந்தார். "அக்கா, இதவிடச் சின்னதா வரைய முடியுமா?" என்று கேட்டார். முடிந்தது. பல வருஷம் முடிந்தது.

கண் ஒரே நாளில் மங்கவில்லை. ஐம்பதை ஒட்டி, பொம்மையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் நன்றாகத் தெரிந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. கடைசியில் கை நீளம் போதவில்லை. கெசியா தூரிகையைத் திட்டினார். மோகன்ராஜ் வேறு தூரிகை வாங்கித் தந்தார். பல்பைத் திட்டினார். கணவர் அசரியா, கேம்ப் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், கடையிலிருந்து வரும்போது பெரிய பல்பு வாங்கிவந்து மாட்டினார். அப்புறம் அதைவிடப் பெரியது.

"பல்பு இல்ல கெசியா. வெள்ளெழுத்து. எனக்கு வரலையா? போய் ஒரு கண்ணாடி போட்டுக்கோ."

"உங்களுக்குப் பேப்பர் மெஷின்ல சரியா விழுந்தா போதும். எனக்கு அப்படியா?"

கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனால் மோகன்ராஜ் வேறு ஆள் பார்த்துவிடுவார் என்று அவருக்குப் பயம். அதனால் விரல் பழகிய பழக்கத்திலேயே வரைந்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி, அதற்கு நடுவில் மேலே ஒரு பொட்டு, கீழே சிவப்பாக ஒரு கீற்று. வைத்த இடம் சரிதான் என்று நம்பிக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் வேளச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போக பஸ் ஏறினார். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பஸ் நின்றது. எதிரே கட்டடம் ஒன்றின் தலையில் புது விளம்பரப் பலகை. 'இனி இதுதான் உங்கள் வீடு' என்ற வாசகம், அதன் பக்கத்தில் அடுக்குமாடி வாசலில் நிற்கும் ஒரு பெண். பச்சைப் புடவை, அரக்கு பார்டர். அந்தப் பார்டர் எம்-சீலில் தன் கையால் வைத்தது என்று கெசியாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. மோகன்ராஜ் செய்து கொடுத்த மாதிரியை யாரோ கிட்டத்தில் படமெடுத்து, ஒரு மாடி உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள்.

பெண்ணின் ஒரு கண் புருவத்தில் இருந்தது. இன்னொன்று கன்னத்துக்கு இறங்கியிருந்தது. பொட்டு மூக்கின் மேல். உதட்டுச் சிவப்பு தாடையில் வழிந்து, யாரோ அறைந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

கெசியாவுக்குத் தூரப்பார்வையில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்து நேராகப் பட்டறைக்குப் போனார்.

"மோகன், சிக்னல்ல போர்டு வெச்சிருக்காங்களே, பாத்தியா?"

மோகன்ராஜ் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "பாத்தேன்க்கா."

"எப்பலேர்ந்து இப்படி வரையறேன்?"

கெசியாவின் பார்வை மோகன்ராஜுக்குப் பின்னால் இருந்த மேஜைக்குப் போனது. முடியும் நிலையில் இருந்த ஒரு மாதிரி அது. வாசலில், தோட்டத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில், எங்கும் தான் வரைந்த ஆட்கள். பால்கனியில் இருப்பவர்கள்கூட உள்ளே பார்த்தபடி, எல்லாருமே பார்க்க வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"எல்லாரையும் திருப்பி வெச்சிட்டியா?"

"ஒரு வருஷமா அப்படித்தான்க்கா ஒட்டறேன். புடவை, முந்தானையெல்லாம் பின்னாடி அருமையா இருக்கு, எதுக்கு உங்கள விடணும்னு. அந்தப் பச்சைப் புடவையை மட்டும் பையன் யாரோ நேரா ஒட்டிட்டான்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க வேலையையே விட்டுடுவீங்கன்னு பயமா இருந்துச்சுக்கா."

கெசியா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. வேலை போய்விடும் என்று கெசியா மறைத்தார். ஆள் போய்விடுவார் என்று மோகன்ராஜ் மறைத்திருக்கிறார். அவர் டீ வரவழைத்தார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

மறுநாள் அசரியா கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனார். அங்கே கண் பரிசோதிக்கும் சோயா என்ற பெண், பரிசோதித்து முடித்ததும் சிரித்தாள். "ரொம்ப முன்னாடியே வந்திருக்கணும் ஆன்ட்டி. எப்படிச் சமாளிச்சீங்க?" படிக்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தாள். கெசியா கைப்பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். சோயா குனிந்து பார்த்தாள். "இதுக்குக் கண்ணாடி மட்டும் பத்தாது ஆன்ட்டி. லென்ஸ் வேணும்."

மோகன்ராஜ், எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், விளக்கு பொருத்திய பெரிய மேஜை லென்ஸ் ஒன்றை வாங்கிவந்தார். அதற்கு அடியில் கையை நுழைத்தால் தூரிகையின் வால் கண்ணாடியில் இடித்தது. அடுத்து, தலையில் பட்டைபோல் மாட்டிக்கொள்கிற லென்ஸ். அதில் வேண்டியபடி மாற்றிக்கொள்ள நான்கைந்து வில்லைகள் இருந்தன. பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று கெசியா இருப்பதிலேயே பலமான வில்லையைப் போட்டார். பொம்மையின் முகம் தாம்பூலத் தட்டு அளவுக்கு வந்து நின்றது. ஆனால் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தால்தான் தெளிவாகத் தெரிந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்த அசரியா, மனைவியின் மூக்கு நுனியில் நீலச் சாயத்தைப் பார்த்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

அதைவிடக் கஷ்டம், எல்லாம் தெரிந்ததுதான். சாயத்தில் தூசி தெரிந்தது. தன் கை நடுங்குவது தெரிந்தது. பூனைமுடி போன்ற தூரிகை விளக்குமாறாகத் தெரிந்தது. ஒரு முகத்தை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, பொழுது போய்விடும். கழுத்து வலியில் திரும்ப முடியாமல் படுத்துக்கொண்டு, "விட்டுடறேங்க" என்று ஒருநாள் சொல்லியும்விட்டார். அசரியா தைலம் தேய்த்துவிட்டார்.

திரும்பச் சோயாவிடம் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. "ஏன் ஆன்ட்டி இவ்ளோ பெரிய பவர்? கை நடமாட இடமே இருக்காதே. கம்மியானதைப் போடுங்க. அடிக்கடி தலையைத் தூக்கித் தூரமா எதையாவது பாருங்க."

பலம் குறைந்த வில்லையைப் போட்டதும் முகத்துக்கும் பொம்மைக்கும் நடுவே இடம் கிடைத்தது. பொம்மையை மரக்கட்டையில் ஒட்டி, மேஜையைச் செங்கல் வைத்து உயர்த்தி, இரண்டு முழங்கையையும் அதில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கியது. புடவையையும் வேட்டியையும் படிக்கிற கண்ணாடியோடே தீட்டினார். முகத்துக்கு மட்டும் லென்ஸை இறக்கிக்கொண்டார். புள்ளி வைத்ததும் மேலே தூக்கிவிடுவார். லென்ஸுக்கு அடியில் முகம் என்றைக்கும் முடிவதில்லை, நிறுத்துவதுதான் வேலை என்பது புரிய அவருக்குச் சில மாதங்கள் பிடித்தன.

இப்போது முன்புபோல் குவியல் குவியலாகச் செய்ய முடிவதில்லை. வெயில் ஜன்னலில் இருக்கும் வரைதான் வேலை. மோகன்ராஜும் அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அடுத்து வந்த மாதிரிக்கு அவர் ஆட்களை ஒட்டும்போது கெசியாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். "யார் எந்தப் பக்கம் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றார். கெசியா ஒவ்வொருவராக முகம் தெரியத் திருப்பி வைத்தார். மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற ஒருத்தியை மட்டும், அவள் வேலையை அவள் பார்க்கட்டும் என்று, அப்படியே விட்டார்.

சாயங்காலங்களில் கண்ணுக்கு ஓய்வு என்று அசரியாவோடு தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. கீழே மின்ரயில் வந்து நின்று கூட்டத்தைக் கொட்டும். கெசியா ஆட்களைப் பார்ப்பார். யார் எப்படி நடக்கிறார்கள், பையை எந்தத் தோளில் மாட்டுகிறார்கள், எல்லாம் வேலைக்கு ஆகும்.

"அதோ, கடைசிப் பெட்டிகிட்ட மஞ்சள் சுடிதார். செருப்பைக் கையில எடுத்துகினு நடக்குது பாருங்க. வார் அறுந்துடுச்சு போல."

அசரியா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். "மஞ்சளா? எங்க?"

"கடைசிப் பெட்டிங்க."

"பெட்டி தெரியுது."

கெசியா அவரைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்குக் கடையைப் பூட்டுங்க. சோயாகிட்ட போலாம்."

"எனக்குப் பேப்பர் மெஷின்ல சரியா விழுந்தா போதும்" என்றார் அசரியா.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.