மடக்காத குடை

கேபிள் இணைப்பு வந்ததிலிருந்து பேத்தி ஒரே கார்ட்டூனைப் பார்க்கிறாள். அதில் வரும் கார், வழியில் யார் தவித்து நின்றாலும் கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டு பறக்கிறது.

"நெசமாலுமே இப்படியொரு காரு இருந்தா நல்லாருக்குமுங்க தாத்தா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வால்பாறையில் அப்பாவுக்குத் தேயிலை எஸ்டேட் வேலை. அப்போது எனக்கு எட்டு வயது. காய்ச்சலில் கொதித்த தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா மழையில் என்னோடு ரோட்டோரம் நின்றார். அவர் கம்பளியில் ஈரமும் விறகுப் புகையும் நாறின. எஸ்டேட் துரை காரைத் தானே ஓட்டி வந்தார். மற்ற மூன்று இருக்கையும் காலி.

துரையைக் கண்டால் குடையை மடக்கி ஒதுங்கி நிற்க வேண்டும். அப்பா விரித்த குடையையே ஆட்டி, "சாமி, நிறுத்துங்க!" என்று கத்தினார். கார் மெதுவானது. துரை எங்களைப் பார்த்தார். போய்விட்டார்.

தங்கை ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

"கொடைய மடக்காமப் போயிட்டனே அம்மணி. மடக்கியிருந்தா தொரை நின்னிருப்பாரு" என்று அம்மாவிடம் அப்பா கடைசிவரை புலம்பினார். துரையைவிட அந்தப் புலம்பல்தான் இன்றும் என்னை எரிக்கிறது.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "மடக்கியிருந்தா நின்னிருப்பாருங்களா தாத்தா?" என்றாள்.

"நின்னிருக்க மாட்டான் கண்ணு!" என்று கத்தினேன். எத்தனை தடவை சொல்லியும் இதை நம்பாமலேயே அப்பா செத்துப்போனார்.