மலையேறிய கல்

சுண்ணாம்பு அடித்த கல்லுக்கு முதுகு காட்ட எனக்குப் பயம். இத்தனை புத்தகம் படித்தவன், நேற்றுத் தாலுகா கச்சேரி வாசலில் அப்படியொரு கல்லைக் கண்டு பின்பக்கமாகவே நடந்து, சேவகன் மேல் மோதினேன்.

ஈரச் சுண்ணாம்பு வாசனைதான் காரணம். என் சிறுவயதில் அனுமந்தன்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் சர்க்கார் எல்லைக்கல் நட்டது. அதைத் தாண்டி விறகு பொறுக்கினால் காட்டுக் காவல்காரர் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார். அம்மா விறகு விற்றால்தான் எங்களுக்குக் கஞ்சி. கல்லுக்குக் கீழேயோ ஒரு சுள்ளிகூட இல்லை.

மூன்றாம் நாள் விடியலில், மூடுபனிக்குள், கல் மலைச்சரிவில் ஐம்பது அடி மேலே தள்ளி நின்றது. காலடித் தடமே இல்லை. மலையேறுகிறவர்கள் சாமிக்குக் கிள்ளிப் போடும் பச்சைத் தழைதான் சுற்றிலும் பரவிக் கிடந்தது. நம்பர் எழுதிய முகம் எங்களையே பார்த்தது.

"கும்பிடுறா. மலைச்சாமி ஏறிப் போறாக," என்றாள் அம்மா.

பெண்கள் கும்பிட்டுவிட்டு, கல்லுக்குக் கீழேயே விறகு பொறுக்கினார்கள். காட்டுக் காவல்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

இப்படி ஏழு முறை ஏறியது அந்தக் கல். காற்றில்லாத பனியில் அதன் வாசனை மட்டும் எங்கள் பின்னாலேயே வரும்.

நேற்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன்.

"கல்லு எங்கனடா நடக்கும்? நாங்க ஆறு பொம்பளைக தூக்குனோம். தடத்த மறைக்கத் தழையப் போட்டோம்."

"ஏழு தடவையுமா?"

"மூணு தடவதான்."

எனக்கு முடி சிலிர்த்தது. "அப்ப மிச்சம் நாலு?"

"காவக்காரரு பொண்டாட்டியக் கேளு. அவ வீட்டு அடுப்பு மட்டும் சும்மா எரியுமாக்கும்?"